பேறுகால அறையில் அந்நியர் எவர்?

(நம் பங்கின் நூற்றாண்டு விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாக, செவிலியர் மற்றும் பேறுகாலப் பணிப் பயிற்சி மாணவியருக்கென நடத்தப்பெற்ற ஒருநாள் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கு இடம்பெறுகிறது.)



பிரசவம் பார்க்கக் கற்கும் பிள்ளைகளிடம் பங்குச் சாமியாருக்குப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நாடி பிடிப்பதையும் ஊசி போடுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர நாம் வரவில்லை. அவற்றில் நீங்களே நமக்கு ஆசிரியர்கள். நாம் பேச வந்தது ஒரு பிழையைப் பற்றி. அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே அறிவுரை கூறுபவராக அன்றி, பட்டறிந்தவராகவே உங்கள் முன் நிற்கின்றோம்.

முதலில் உங்கள் தொழிலின் மிகப் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறோம். விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எகிப்து நாட்டு அரசனுக்கு ஓர் அச்சம் வந்துவிட்டது. பிழைக்க வந்த எபிரேய மக்கள் பெருகிவிட்டார்கள். நாளை பகைவரோடு சேர்ந்துகொள்வார்கள் என்று அவன் அஞ்சினான். அச்சம் வெறுப்பாயிற்று, வெறுப்பு கட்டளையாயிற்று. அந்தக் கட்டளையை அவன் யாரிடம் முதலில் கொடுத்தான் என்று கவனியுங்கள். படைத் தலைவனிடம் அன்று, மருத்துவச்சிகளிடம்! பிறப்பது ஆணாயின் அங்கேயே கொன்றுவிடச் சொன்னான். அவர்கள் செய்யவில்லை. அரசனின் பெயரைக்கூடக் குறிப்பிடாத அந்த ஏடு, இந்த இரு பெண்களின் பெயரை மட்டும் காத்து வைத்திருக்கிறது.

வேற்று மக்கள் மீதுள்ள அச்சம் எந்தக் காலத்திலும் இறுதியில் பேறுகால அறையின் வாசலுக்கு வந்து நிற்கும் என்பதே இக்கதை நமக்குச் சொல்வது. "இவர்கள் பெருகிவிட்டார்கள்" என்ற சொல்லை நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் நாம் கேட்கிறோம் அல்லவா? பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் நம் நாட்டில் பாலம் கட்டுகிறார்கள். நூற்பாலையில் நூல் எடுக்கிறார்கள். உணவு விடுதியில் தட்டுக் கழுவுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் நாம் சூட்டிய ஒரே பெயர் 'வடக்கன்'. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான ஒளிக்காட்சிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை உடனே அறிவித்தும் பலர் அஞ்சிச் சொந்த ஊருக்கு இரயிலேறினர். வதந்தி பொய்தான், ஆனால் அதை நம்பும் அளவிற்கு அந்த மக்களின் மனத்தில் அச்சம் குடியிருந்ததே, அது பொய்யன்று.

நிற்க. இனி நம் கதைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நூற்பாலைகள் நிறைந்த வேறோர் ஊரில் நாம் பங்குப் பணி ஆற்றினோம். ஒருநாள் நள்ளிரவுக்குப் பின் ஒரு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "சாமி, வடநாட்டுப் பெண் ஒருத்தி, பிரசவத்திற்கு வந்தவள், நிலைமை மோசம், கையில் செபமாலை இருக்கிறது, உடனே வாருங்கள்" என்றார் அங்கிருந்த தலைமை நர்ஸ். நாம் சென்று நோயில் பூசுதல் அளித்தோம். அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு இருக்கலாம். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து கணவனோடு ஆலை வேலைக்கு வந்தவர். முதல் பிரசவம். கணவனுக்கு அன்று இரவு ஷிப்டு. லைன் வீட்டில் பக்கத்தில் குடியிருந்த அம்மாள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

நடந்ததைப் பின்னர் ஒவ்வொன்றாக அறிந்தோம். மாலையில் பார்த்தபோது இரத்த அழுத்தம் சற்றே கூடுதலாக இருந்தது. மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அன்று இரவு ஒரே நர்ஸ் மூன்று பிரசவங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணின் அருகில் இருந்தவர்கள் இரண்டு பயிற்சி மாணவியர். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் தொட்டுத் தொட்டு ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாணவியருக்குப் புரியவில்லை. "இந்த வடக்கத்திப் பெண்கள் எல்லாம் இப்படித்தான், சும்மா கத்துவார்கள்" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவள் தாழ்வாரத்திற்கு வந்து, தோழியரிடம் அந்தச் சொல்லை அதே குரலில் நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். சார்ட்டில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதப்பட்டது. இரத்த அழுத்தம் மறுபடி பார்க்கப்படவில்லை. நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் வலிப்பு கண்டது.

தலைவலி, கண் மங்கல், உயர்ந்த இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன பொருள் என்பதை நம்மைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். மக்னீசியம் சல்பேட் கொடுத்து, அறுவை செய்து தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் பார்க்கச் சென்றோம். அந்தப் பெண் நம்மைக் கண்டதும் எழ முயன்றார், கை கூப்பினார். நம்மை முன்பே அறிந்தவர் போன்ற பார்வை அது. கணவர் சொன்னார், அரைகுறைத் தமிழில்: "ஃபாதர், எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வர்றோம். கடைசி பெஞ்ச்." நமக்குத் தலை குனிந்தது. எட்டு மாதமாக நம் கையால் நற்கருணை வாங்கியவரின் பெயரை நாம் கேட்டதில்லை. அது மட்டுமன்று. அவர்களுள் சிலர் ஒருமுறை வந்து, மாதம் ஒரு பூசை இந்தியில் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். "இன்று இருப்பார்கள், நாளை போவார்கள், இவர்களுக்கு எதற்குச் சாமி தனிப் பூசை?" என்றார்கள் பங்குப் பேரவையினர். நாமும் தலையசைத்து விட்டுவிட்டோம். தாழ்வாரத்தில் நின்று சிரித்த மாணவிக்கும், பேரவையில் தலையசைத்த நமக்கும் என்ன வேறுபாடு?

சில வாரங்கள் கழித்து அந்த மாணவி நம்மிடம் வந்தாள். "சாமி, நான் கெட்டவள் இல்லை" என்று அழுதாள். உண்மை, அவள் கெட்டவள் அல்லள். நம் ஊர்த் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பவள் என்று எல்லாரும் அவளைப் பற்றிச் சொன்னார்கள். ஆகவேதான் இதை உங்களிடம் சொல்கிறோம். அந்நியரை வெறுப்பது தீயவர்களின் வேலை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணாதீர்கள். அது ஒரு பட்டப் பெயரில் தொடங்கும். ஒரு கேலிச் சிரிப்பில் வளரும். வேலை மிகுந்த இரவில், 'இவர்கள் இப்படித்தான்' என்ற ஒரு வரியில் வந்து முடியும்.

அந்தப் பெண் சொன்ன சொல் என்ன என்பதை அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்கு முன்புதான் அறிந்தோம். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக ஓராவோன் இனத்தைச் சேர்ந்த குரு ஒருவரை அழைத்திருந்தோம். மாணவி நடித்துக் காட்டிய சொல்லை அவரிடம் சொன்னோம். அவர் நம்மை வியப்போடு பார்த்தார். "அது எங்கள் குருக் மொழிச் சொல். 'ஃகன்' என்போம். கண் என்று பொருள்" என்றார்.

ஆம் பிள்ளைகளே, கண்! குருக் மொழி இந்தியின் கிளையன்று. தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அதனைப் பேசுகிறார்கள். வேதனையின் உச்சத்தில் தாய்மொழிதான் வாயில் வரும். அந்தப் பெண் தன் தாய்மொழியில் கண்ணைத் தொட்டுக் காட்டி 'கண், கண்' என்றுதான் கதறியிருக்கிறார். ஏறக்குறைய நம் சொல்லையே சொன்னவரை, வேற்று மொழிக்காரி என்று நினைத்துச் சிரித்தோம். அந்தச் சொல் விளங்கியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் ஒருவராவது திரும்பச் சென்று இரத்த அழுத்தத்தைப் பார்த்திருப்பார்.

இனி இதற்கு மருந்து என்ன? நல்ல மனம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. நல்ல மனம் அந்த மாணவியிடமும் இருந்தது, போதவில்லை. கை கழுவுவதை எப்படிப் பழக்கமாகக் கற்கிறீர்களோ, அப்படியே கேட்டறிவதையும் பழக்கமாகக் கற்க வேண்டும். மனநிலை எப்படி இருந்தாலும் கை கழுவுகிறோம் அல்லவா? களைத்திருந்தாலும் கேட்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் கேட்க வேண்டும். உங்கள் தொழிலில் முன்சென்றோர் இப்பாடத்தைக் கற்ற வரலாறு இரண்டைச் சொல்கிறோம்.

முதலாவது, இராவல்பிண்டி. ஸ்காட்லாந்தில் 1837இல் பிறந்த டாக்டர் ஆக்னெஸ் மக்லாரன் தம் 72ஆம் வயதில் அங்கு வந்தார். கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல மாட்டார்கள். பிரசவத்தில் பலர் மாண்டனர். 'இவர்களுடைய வழக்கம் மூடத்தனம், மாற்றிக்கொண்டு வரட்டும்' என்று அவர் சொல்லவில்லை. பெண் மருத்துவர்கள் அங்கே செல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். பெண்களுக்காகவே புனித கத்தரீன் மருத்துவமனை எழுந்தது. ஆனால் அருட்கன்னியர் பேறுகால மருத்துவம் செய்யக் கூடாது என்பது அன்றைய திருச்சபை விதி. அவ்விதியை மாற்றும்படி உரோமைக்கு அவர் விண்ணப்பித்தார். அவருக்குப் பின் ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அன்னா டெங்கல் 1920இல் இராவல்பிண்டி வந்தார். 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரியர் சபையைத் தொடங்கினார். 1936இல் உரோமை அந்த விதியைத் தளர்த்தியது. இதில் நாம் கற்பது என்ன? ஏழைத் தாயின் வழக்கம் மாறும் வரை காத்திராமல், நம் திருச்சபை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. பெரியவர்தான் முதலில் இறங்கி வர வேண்டும்.

இரண்டாவது, நியூசிலாந்து. அந்நாட்டின் பழங்குடியினர் மாவோரி மக்கள். அவர்கள் மொழியில் நிலத்திற்கும் நஞ்சுக்கொடிக்கும் 'ஃபெனுவா' என்னும் ஒரே சொல்தான். குழந்தை பிறந்தால் நஞ்சுக்கொடியைத் தம் மண்ணில் புதைப்பார்கள். மருத்துவமனைகளோ அதைக் கழிவோடு கழிவாக எரித்தன. 1988ஆம் ஆண்டு ஒரு கூட்டத்தில், செவிலியம் பயிலும் முதலாண்டு மாவோரி மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: சட்டப் பாதுகாப்பு, தொழில் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டிற்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா? பேராசிரியர்கள் பலர் இருந்த இடத்தில் கேட்டவள் உங்களைப் போன்ற ஒரு மாணவி! இரிஹாப்பேட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர் அக்கேள்வியைப் பாடமாக வளர்த்தார். செய்தித்தாள்கள் ஏளனம் செய்தன, அரசியலார் எதிர்த்தனர். ஆயினும் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதைப் பயிற்சியில் சேர்த்தது. அப்பாடத்தின் சாரம் இதுதான்: நான் நன்றாகக் கவனித்தேன் என்று செவிலியர் சொன்னால் போதாது, கவனிக்கப்பட்டவர் சொல்ல வேண்டும்.

நஞ்சுக்கொடியைப் புதைப்பது நமக்குப் புதிதா? தொப்புள்கொடி புதைத்த மண் என்று சொந்த ஊரைச் சொல்பவர்கள் நாம்தாமே! உலகின் மறு கோடியில் வாழ்கிற மக்களும் நம் பாட்டியும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். கேட்டால்தான் இது தெரிய வரும்.

ஆகவே சில நடைமுறைகளைச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெயரைக் கேளுங்கள். 'இந்திக்காரி', 'மூன்றாம் கட்டில்' என்று அழைக்காதீர்கள். வாயில் நுழையாவிட்டால் இரண்டாம் முறை கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் அவர் மகிழ்வார்.

இரண்டாவது, உங்கள் வார்டில் எந்தெந்த மொழிக்காரர் வருகிறார்களோ, அந்த மொழிகளில் இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வலி, தலை, கண், மூச்சு, இரத்தம், தண்ணீர், குழந்தை அசைகிறதா... இவ்வளவு போதும், ஓர் உயிரைக் காக்க. கூட வந்த சிறு பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பெண்ணின் அந்தரங்கத்தைக் கேட்கப் பெண்ணையே தேடுங்கள்.

மூன்றாவது, எதையும் கழற்றுமுன் கேளுங்கள். வங்காளத்து இந்துப் பெண்கள் மணமானபின் கையில் வெள்ளைச் சங்கு வளையும் சிவப்பு வளையும் அணிவார்கள். அதைக் கழற்றுவது கைம்மையின் அடையாளம். பிரசவ வேதனையில் இருக்கும் ஒருத்தியிடம் "ஏய், அதைக் கழட்டு" என்றால் அவள் மனம் என்ன பாடுபடும்? நம் பெண்ணின் தாலியை நாம் எத்தனை பக்குவமாகத் துணி சுற்றி ஒட்டி வைக்கிறோம்! அந்தப் பக்குவம் அவளுக்கும் உரியது.

நான்காவது, 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதுமுன் பேனாவை மூடிவிட்டு ஒரு நிமிடம் அவர் அருகே நில்லுங்கள். அவர் ஒத்துழைக்கவில்லையா, அன்றி நமக்கு விளங்கவில்லையா என்று உங்களையே கேளுங்கள்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். அப்படியானால் எல்லா வழக்கத்தையும் ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டும் வழக்கம் வடக்கிலும் உண்டு. சேனை வைப்பது என்று நம் ஊரிலும் உண்டு. அது குழந்தைக்குத் தீங்கு; சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பாட்டியிடம் எப்படிச் சொல்வீர்களோ, அதே பொறுமையோடு அவர்களிடமும் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'ஒடிசாப் பெண்கள் இப்படி, முஸ்லிம் பெண்கள் அப்படி' என்று மனப்பாடம் செய்துகொண்டு அதையே பண்பாட்டு அறிவு என்று கருதிவிடாதீர்கள். அதுவும் பட்டப் பெயரின் இன்னொரு வடிவமே. கட்டிலில் இருப்பவர் ஓர் இனமல்லர், ஒரு பெண்.

உங்கள் விடுதியையும் மறந்துவிடாதீர்கள். ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த தங்கைகள் உங்களோடு பயில்கிறார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில், முகச்சாயலைக் கண்டு வடகிழக்கு மக்களை 'கொரோனா' என்றே அழைத்த கொடுமை நம் நாட்டு நகரங்களில் நடந்தது. உணவு மேசையில் அவர்களைத் தனியே விட்டுவிட்டு, வார்டில் அந்நியரை அன்போடு கவனிப்போம் என்பது நடவாத காரியம்.

நாளை நீங்களும் அந்நியராவீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1960களிலிருந்து கேரளத்து இளம் பெண்கள் பலர், திருச்சபையின் ஏற்பாட்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். ஆள் தேவைப்பட்டவரை வரவேற்றார்கள். 1970களின் பிற்பகுதியில் பலருக்குத் தங்கும் அனுமதி நீட்டிக்கப்படவில்லை. 2024 ஆகஸ்டில், இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் அந்நியருக்கு எதிரான கலவரத்தின்போது, அவசரப் பணிக்கு அழைக்கப்பட்டு டாக்சியில் சென்ற பிலிப்பைன்ஸ் செவிலியர் மீது கல் எறியப்பட்டது. காப்பாற்றப் போகிறவர் மீதே கல்! நாம் முன்சொன்ன மாணவி இன்று வெளிநாடு ஒன்றில் பணியாற்றுகிறாள். நோயாளி ஒருவர் அவள் பேச்சைக் கேலி செய்து நடித்துக் காட்டினாராம். "அன்று தாழ்வாரத்தில் நான் செய்ததை இன்று என் காதால் கேட்டேன், சாமி" என்று தொலைபேசியில் சொன்னாள். அந்த முதியவருக்கு அவள் தொடர்ந்து பணிவிடை செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

செவிலியரின் கவனிப்புக்கு இனமோ நிறமோ மதமோ நாடோ எல்லையாகாது என்பது, அனைத்துலகச் செவிலியர் மன்றம் 1953 முதல் காத்துவரும் நெறி. இந்நாளில் நீங்கள் கையில் விளக்கேந்தி எடுக்கும் உறுதிமொழியின் உயிரும் அதுவே.

நூற்றாண்டு விழாக் காணும் இப்பங்கின் முதல் குருவானவர் கடல் கடந்து வந்தவர். அவர் உடைந்த தமிழில் பிரசங்கம் செய்தபோது நம் பாட்டன் பாட்டியர் சிரித்திருக்கலாம். ஆனால் பெயர் கேட்டார்கள், சோறு கொடுத்தார்கள், தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த விருந்தோம்பலில்தான் இக்கோயில் எழுந்தது. ஆகவே விழாவின் நினைவாக ஓர் ஏற்பாட்டை அறிவிக்கிறோம். வருகிற மாதம் முதல் மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று இப்பங்கில் இந்தியில் திருப்பலி நடைபெறும். நாம் முன்பு தலையசைத்து மறுத்ததற்கு இது பரிகாரம். பூசை முடிந்தபின், வந்தவர்களோடு அமர்ந்து அந்த இருபது சொற்களை எழுதிக்கொள்ள உங்களையும் அழைக்கிறோம்.

அந்த ஓராவோன் குரு விடைபெறும்போது தம் மொழியின் இன்னொரு சொல்லையும் நமக்குச் சொல்லிப் போனார். பேசுபவரையும் கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. தமிழில் 'நாம்' என்கிறோம். குருக் மொழியிலும் அது 'நாம்'தான்.

இறைவன் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக.